முதுகுவலிக்கு வி.ஆர். கேம்: எங்கே நிறுத்த வேண்டும்?

வி.ஆர். (மெய்நிகர் உலகம்) கேம் ஆடினால் வலி போய்விடும் என்பது பாதி உண்மை. கண்ணை மறைத்து மாட்டும் ஹெட்செட் தலையில் இருக்கும்வரை கவனம் திரும்பிவிடும், வலி பின்னுக்குப் போகும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவான ‘ஸ்னோ வேர்ல்ட்’ என்ற வி.ஆர். கேம் இதை நம்பித்தான் வந்தது. தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும் நேரத்தைக் கடக்க அது போதும். கோத்தகிரிச் சரிவில் வருஷக்கணக்காக இடுப்புவலியோடு கொழுந்து பறிப்பவருக்குப் போதாது. குனிந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும் என்ற பயம் அவரை விட்டுப் போக வேண்டும்.

கவனம் திரும்புவதிலேயே ஒரு சிக்கலும் உண்டு. வலி தெரியாததால் அளவுக்கு மீறி ஆடிவிட்டு மறுநாள் எழ முடியாமல் படுத்துவிடுகிறார்கள். அதனால் வலி வந்தபின் நிறுத்தலாம் என்று இருக்காதீர்கள், கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துங்கள். முதல் வாரம் 5 நிமிடம், அதுவும் உட்கார்ந்தபடி. ஆடுமுன், ஆடியதும், மறுநாள் காலை என மூன்று முறை 0 முதல் 10 வரை வலி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலை எண்தான் முக்கியம். அது ஆடுமுன் இருந்த எண்ணைவிட 2 புள்ளி ஏறியிருந்தால் நேரத்தைக் குறையுங்கள். இல்லையென்றால் ஒரு நிமிடம் கூட்டலாம். 2021 நவம்பரில் அமெரிக்க எஃப்.டி.ஏ. (உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) அனுமதித்த ‘ஈஸ் வி.ஆர்.எக்ஸ்’ என்ற முதுகுவலிக்கான வி.ஆர். சிகிச்சைத் திட்டத்திலும் 8 வாரம், தினம் ஒரு அமர்வு, 2 முதல் 16 நிமிடம்தான்.

பாட்டின் தாளத்துக்கு வரும் கட்டைகளை வாளால் வெட்டும் ‘பீட் சேபர்’ கேம் என்றால் தொடக்கத்தில் அதன் அமைப்பில் ‘நோ வால்ஸ்’ (சுவர் வராது), ‘நோ ஃபெயில்’ (தோற்க மாட்டோம்), ‘ஸ்லோயர் சாங்’ (பாட்டு மெதுவாகும்) மூன்றையும் போட்டுவிடுங்கள். சுவர் வந்தால் சட்டென்று குனிய வேண்டியிருக்கும். முதுகுவலிக்காரர் அந்த இடத்தில்தான் விறைத்துப்போவார். சில வாரம் கழித்து அதே சுவரைத் திரும்பக் கொண்டுவந்தால் அதுவே குனியும் பயிற்சி.

கழுத்துவலி இருப்பவருக்கு ஹெட்செட்டே பகை. குவெஸ்ட் 2 என்ற ஹெட்செட்டின் 503 கிராமும் பெரும்பாலும் முகத்தில்தான் தொங்கும். பின்பக்கம் பேட்டரி உள்ள ஸ்ட்ராப் போட்டால் சமன் ஆகும், ஆனால் மொத்த எடை கூடும். நேரத்தை இன்னும் சுருக்குங்கள். வலிப்பு நோய் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் மாட்டவே கூடாது.

மலைக்கென்று தனித் தொல்லைகளும் உண்டு. மார்கழிக் காலையில் குளிர்ந்த லென்ஸில் மூச்சு பட்டதும் பனி படியும். 10 நிமிடம் முன்பே ஆன் செய்து வைத்தால் சாதனம் சூடேறிவிடும். துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும், ஸ்பிரிட் வேண்டாம். வெயிலில் காயட்டும் என்று ஜன்னலோரம் வைத்தால் லென்ஸ் வழியே வெயில் குவிந்து திரை பொசுங்கிவிடும். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறி வந்தவருக்கு ஏற்கெனவே குமட்டலாக இருக்கும். அரை மணி நேரம் உட்காரவையுங்கள். கன்ட்ரோலர் குச்சியைத் தள்ளி நடக்கும் கேம் அவருக்கு ஆகாது, நின்ற இடத்திலேயே ஆடுவதைக் கொடுங்கள்.

நேரம் கூடக்கூட அதே குனிவை ஹெட்செட் இல்லாமலும் செய்ய வையுங்கள்: முதலில் வெறுங்கூடையோடு, பிறகு கொஞ்சம் எடையோடு.