டேட்டா சயின்ஸ் லேபுக்குப் போகும் ஜூனியர்களுக்கு: டி-டைப் பாருங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது, லேபில் ஓ கிரேடு. தியரி பற்றிக் கேட்காதீர்கள், அது வேறு கதை. எய்ம், அல்காரிதம், ரெக்கார்டு எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்லப்போவது நம்பை (NumPy, பைத்தானில் எண் கணக்குகளுக்கான லைப்ரரி) அரே, அதாவது அதன் மதிப்புப் பட்டியல், பற்றியும் அதிலுள்ள மதிப்புகள் எந்த வகை என்று சொல்லும் டி-டைப் (dtype) பற்றியும் மட்டும்.

எனக்கு விழுந்தது கே.ஆர்.பி. அணை நீர்மட்டக் கணக்கு. முழு மட்டம் 52 அடி என்று கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டியலில் 48.5, 50, 9.5 (இது சும்மா போட்ட எண்ணாகத்தான் இருக்கும்), அளவு இல்லாத நாளுக்கு ஒரு '-'. அந்தச் சின்னக் கோடுதான் கேள்வியே. ஒரு அரேயில் ஒரே வகைதான் இருக்க முடியும் என்பதால், நம்பை எல்லா எண்களையும் ஸ்ட்ரிங் (வெறும் எழுத்துத் தொடர்) ஆக்கிவிடும். சராசரி கேட்டால் எரர் வரும், அதுவாவது பரவாயில்லை. வரிசைப்படுத்தினால் (sort) எரரே வராது: முதல் எழுத்தை வைத்து ஒப்பிடுவதால் 50-க்கும் மேலே 9.5 போய் உட்காரும். பக்கத்து சிஸ்டத்தில் அதையே அதிகபட்ச நீர்மட்டம் என்று எழுதினார்கள்.

நான் அரே போட்டவுடன் டி-டைப்பைப் பிரின்ட் செய்துவிடுவேன். அதனால் அங்கேயே தெரிந்தது. '-' இருந்த இடத்தில் நேன் (NaN, 'எண் இல்லை' என்ற குறி) வைத்து, அதை விட்டுவிட்டுச் சராசரி எடுக்கும் நேன்மீன் (nanmean) போட்டேன். வெறும் மீன் (mean, சராசரி) போட்டால் விடையும் நேன்தான். நன் (None, பைத்தானின் 'ஒன்றுமில்லை') வைத்தால் அரே ஆப்ஜெக்ட் (எதையும் வைக்கும் பொது) வகையாகி, கூட்டும்போது எரர்.

மனதில் இருக்க வேண்டியவை:

- முழு எண்களுக்கு நடுவே ஒரு தசமம் இருந்தால் எல்லாம் ஃப்ளோட்64 (64 பிட் தசம வகை). ட்ரூ (True) 1 ஆகும்.
- முழு எண் அரேயில் ஒரு இடத்தில் 51.8 வைத்தால் 51 தான் நிற்கும், சத்தமே இல்லாமல். அதே அரேயில் += 0.5 போட்டால் மட்டும் எரர்.
- யுஇன்ட்8 (0 முதல் 255 வரை மட்டும் வைக்கும் முழு எண் வகை) அரேக்களில் 200-ஐயும் 100-ஐயும் கூட்டினால் 44 (300-இல் 256 போக மீதி).
- இன்ட்64 (மைனஸும் வைக்கும் முழு எண்) அரேயும் யுஇன்ட்64 (மைனஸ் வைக்காத முழு எண்) அரேயும் சேர்ந்தால் ஃப்ளோட்64. வைவாவில் கேட்டார்கள்.

நான் மெதுவாக டைப் செய்கிற ஆள், ஒவ்வொரு வரிக்கும் பிரின்ட் போடுவேன். வேகமானவர்களுக்கு எரிச்சலாக இருக்கும், ஆனாலும் போடுங்கள்.

அப்புறம், லேப் சிஸ்டத்தில் நம்பை எந்தப் பதிப்பு என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். 2024-இல் வந்த 2.0-இல் ஒரு தனி ஃப்ளோட்32 எண்ணோடு 3.0 கூட்டினால் ஃப்ளோட்32 வரும், பழையதில் ஃப்ளோட்64. வீட்டு லேப்டாப்பில் பார்த்த விடையை அங்கே எதிர்பார்க்காதீர்கள்.