அஞ்சு காம்பும் ரெண்டு சென்னும்

நேற்று காலை பாயான் பாரு சூப்பர்மார்க்கெட்டில் மூன்றாம் நம்பர் கவுண்டர் வரிசையில் நின்று வயிறெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், மன்னித்துக்கொள்ளுங்கள். அது என் அப்பாதான். கைக்குழந்தையோடு நின்ற சீனத்து அக்காவுக்குத் தனியாக ஒரு மன்னிப்பு. அந்தக் குழந்தை வரிசையில் சேரும்போது தூங்கிக்கொண்டிருந்தது. விழித்து, அழுது, பால் குடித்து, மறுபடி தூங்கியும் விட்டது. நாங்கள் இன்னும் கட்டணம் கட்டவில்லை.

எல்லாம் ரவுண்டிங் செய்த வேலை.

2008 ஏப்ரல் 1-ஆம் தேதியிலிருந்து மலேசியாவில் ஒரு சென் காசை (நூறு சென் ஒரு வெள்ளி, அதாவது ரிங்கிட்) ஓரங்கட்டிவிட்டு, பில்லை அஞ்சு சென்னுக்கு முழுசாக்கிவிடுகிறார்கள் இல்லையா, அதை அப்பா இன்றுவரை மன்னிக்கவில்லை. "முட்டாள்கள் தினமாப் பார்த்துத்தான் ஆரம்பிச்சானுங்க" என்று வருஷம் தவறாமல் சொல்வார். கடைசி இலக்கம் 1, 2 என்றால் இறங்கும். 3, 4 என்றால் அஞ்சுக்கு ஏறும். 6, 7 இறங்கும். 8, 9 ஏறும். இது நாட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் தெரிந்துகொண்டு பேசாமல் காசை நீட்டுகிற ஜாதி நாம். அப்பா, கூடையோடு யுத்தத்துக்குப் போகிற ஜாதி.

அவருடைய ஆயுதம் குதிரைக் காலண்டர். சீனன் கடையில் புத்தாண்டுக்குக் கொடுப்பார்களே, பெரிய பெரிய எண் போட்டு, அதில் கிழித்த தாளின் பின்பக்கம். தாளை நாலாக மடித்து, சட்டைப்பையில் ஒன்றரை அங்குலப் பென்சில். அந்தப் பென்சில் எங்கள் வீட்டுச் சின்னவன் ஒண்ணாம் வகுப்பில் தொலைத்தது. சின்னவன் இப்போது இடைநிலைப் பள்ளியில் பாரம் மூன்று.

கூடையில் போடப் போட எழுதிக்கொண்டே வருவார். வரிசையில் நின்றதும் கூட்டல். நேற்று கூட்டி முடித்தவர் முகம், தங்கச்சி கல்யாணத்தில் ஐயர் வரத் தாமதமானபோது போன மாதிரி போயிற்று.

"43 வெள்ளி 68" என்றார்.

"சரிப்பா."

"என்ன சரி? 70 ஆக்கிடுவான். ஒரே ஒரு சென் குறைஞ்சா 67. 67-ன்னா 65-க்கு இறங்கும். ஒரு சென் குறைச்சா அஞ்சு சென் லாபம்மா. எந்த பேங்குல குடுக்கிறான் இந்த வட்டி?"

கணக்கு சரிதான். அதுதான் அப்பாவிடம் பெரிய தொல்லை. கணக்கு எப்போதும் சரியாக இருக்கும், மனுஷன் செய்கிற காரியம்தான் ஒன்றும் சரியாக இருக்காது.

பொட்டலத்தில் வருகிற சாமான் எதிலும் ஒரு சென் குறைக்க முடியாது. 3.99 என்றால் 3.99-தான். நிறுத்து வாங்கியதில்தான் விளையாடலாம். கூடையைக் கிளறிப் பச்சை மிளகாய்ப் பையை எடுத்தார். கிலோ 14 வெள்ளி, 182 கிராம், 2 வெள்ளி 55. "இடத்தப் புடிச்சு வை" என்று சொல்லிவிட்டுக் காய்கறிப் பக்கம் நடையைக் கட்டினார்.

நான் எட்டிப் பார்த்தேன். மிளகாயைத் திருப்பி வைக்கவில்லை. காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். தராசு பக்கத்தில் நின்ற நேப்பாளத் தம்பி இதையெல்லாம் முன்னாலேயே பார்த்தவன் போலிருக்கிறது, கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக நின்றான். ஒரு காம்பு கிள்ளுவார், தராசைப் பார்ப்பார். எண் அசையாது. இன்னொன்று. அசையாது. அஞ்சாவது காம்பில் 182 என்பது 180 ஆயிற்று. தராசு ரெண்டு ரெண்டு கிராமாகத்தான் இறங்குமாம். புது லேபிள், 2 வெள்ளி 52.

மூணு சென் குறைந்து 43.65. அப்பாவுக்கு அதில் அரை சந்தோஷம்தான். 67 ஆகியிருந்தால் கடைக்காரன் ரெண்டு சென் விட்டுக்கொடுத்திருப்பான், இதில் நமக்கும் இல்லை அவனுக்கும் இல்லை, வெறும் சமாதானம்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அப்பாவுக்காக நாலு வார்த்தை பேசிவிடுகிறேன். இல்லாவிட்டால் பூச்சோங்கிலிருந்து அண்ணன் போன் போட்டு, "அப்பாவ எல்லார் முன்னாடியும் இப்படி எழுதுறியே" என்பான். அவன் வீட்டில் ஆள் இல்லாத அறையில் ஏர்கோன் ஓடும். அவனுக்கு இதெல்லாம் புரியாது.

எங்கள் வீட்டில் ரெண்டரை வெள்ளி எண்ணெய்ப் பாக்கெட் காலியாவது என்பது ஒரு சடங்கு. மூலையை வெட்டி, போத்தல் வாயில் தலைகீழாகக் கவிழ்த்து, துணி மாட்டுகிற கிளிப் ரெண்டு போட்டு ராத்திரி முழுக்க நிற்க வைப்பார். காலையில் பாக்கெட்டைப் பிளந்து அதன் உட்புறத்தைத் தோசைக்கல்லில் ஒரு தேய். அப்புறம்தான் அது குப்பை. கேஸ் தோங் (சிலிண்டர்) மாற்றினால் அதன் வயிற்றில் மார்க்கர் பேனாவால் தேதி போடுவார், 14 கிலோ 26 வெள்ளி 60, எத்தனை நாள் வந்தது என்று பார்க்க. அம்மா பொங்கல் வைத்த மாசம் மூணு நாள் முன்னாலேயே தீர்ந்துபோனதற்கு விசாரணைக் கமிஷனே நடந்தது.

தீபாவளிக்குப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அங்பாவ் உறையைக் காசு எடுத்ததும் அங்கேயே திருப்பி வாங்கிக்கொள்வார். ஒரு ஊதா உறை ஆறு தீபாவளி பார்த்திருக்கிறது. பேங்க் சும்மா கொடுக்கிற உறைதானே என்றால், "பேங்க்குக்குப் போய்வர பெட்ரோல் சும்மாவா?" என்பார். அவர் மோட்டார் சைக்கிளை விற்று நாலு வருஷமாகிறது.

பிளாஸ்டிக் பை கதை தெரியும்தானே. பினாங்கில் 2011-லிருந்து எல்லா நாளும் பை சும்மா கிடையாது, வேண்டுமென்றால் 20 சென் என்று ஆக்கினார்களே, அதற்கு முந்தைய வாரம் அப்பா எங்கே என்று தேடினால் கடைகடையாகப் போய் ஒவ்வொரு சாமானாக வாங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பைகள் முக்கோணமாக மடிக்கப்பட்டு, சமையலறை இழுப்பறையில், அம்மாவின் தாலிக்கொடிக்கு இல்லாத பாதுகாப்போடு இன்றும் இருக்கின்றன. வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்குப் பலகாரம் அதில் கட்டிக் கொடுத்தால் அவர் அப்பாவுக்கு வேண்டியவர் என்று அர்த்தம். மாப்பிள்ளைக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத்தான் ஒரு பை கிடைத்தது.

கரண்ட் விஷயத்தை நான் எடுக்கவே மாட்டேன். முதல் 200 யூனிட் 21.8 சென், அடுத்த 100 யூனிட் 33.4, 300-ஐத் தாண்டினால் 51.6 என்று சாமி சுலோகம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தவர். தினமும் சாயங்காலம் மீட்டர் படிப்பார். மாசக் கடைசியில் 290-ஐத் தொட்டுவிட்டால் வீடே விரதம். சின்னவன் மெழுகுவத்தி வெளிச்சத்தில் திருக்குறள் மனப்பாடம் பண்ணினான். 2025 ஜூலையில் கட்டண முறையையே மாற்றிவிட்டார்கள். பாவம், ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

சரி, கவுண்டருக்கு வருவோம்.

சாமானெல்லாம் பீப் பீப் என்று போயிற்று. அப்பா தாளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பீப்புக்கும் டிக் போட்டார். திரையில் வந்த மொத்தம் 43.68.

அஞ்சு காம்பு கிள்ளிய பிறகும் 43.68.

அப்பா பில்லைக் கேட்டார். கவுண்டர் பெண், டூடோங் முக்காடு போட்ட சின்னப் பெண், பணம் கட்டினால்தான் பில் வரும் என்றது. திரையைத் திருப்பிக் காட்டியது. வெங்காயம். லேபிளில் 3 வெள்ளி 18. அப்பா தாளில் எழுதியிருந்தது 3.15. எட்டை அஞ்சு என்று படித்திருக்கிறார். 2014-ல் செய்த கண்ணாடி. மாற்றலாம் மாற்றலாம் என்று நானும் சொல்லி அலுத்துவிட்டேன், "தெரியுதே" என்பார். தெரிந்த லட்சணம் இது.

அப்போதுதான் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது, ஓடியிருக்க வேண்டாம். காம்பு கிள்ளாமல் விட்டிருந்தால் உண்மையான மொத்தம் 43.71. அது 70-க்கு இறங்கியிருக்கும். கிள்ளியதால் 43.68. அது 70-க்கு ஏறும். ஆக, அந்த அக்காவின் குழந்தை ஒரு முறை விழித்துத் தூங்கியதுதான் மிச்சம். இதை அப்பாவிடம் சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்துவிட்டார். பென்சில் நடுங்கியதிலிருந்து தெரிந்தது.

அந்தப் பெண்தான் காப்பாற்றியது. "அங்கிள், நாயிக் பாயார் காட், துரூன் பாயார் கேஷ்" என்றது சிரித்துக்கொண்டே. ஏறினா கார்டு, இறங்கினா காசு. கார்டில் கட்டினால் ரவுண்டிங்கே கிடையாது, 68 என்றால் 68.

அப்பா அந்தப் பெண்ணைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அண்ணன் எம்ஆர்எஸ்எம் என்கிற உறைவிடப் பள்ளிக்கும் போகவில்லை, நான் டாக்டராகவும் ஆகவில்லை, எங்களை அவர் ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அடுத்து என் பக்கம் திரும்பினார். எனக்கெப்படித் தெரியும்? நான் எப்போதும் போனில் கட்டிவிட்டு நடையைக் கட்டுகிறவள்.

"போன எடு" என்றார். எடுத்தேன். தட்டினேன். 43.68.

காரில் வரும்போது, தனக்கு ஒரு கார்டு போட வருஷத்துக்கு எவ்வளவு என்று கேட்டார். எட்டு வெள்ளி என்றேன். தாளை எடுத்தார். ஜெலுத்தோங் ரோட்டுப் பக்கம் வருவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. "ரெண்டு ரெண்டு சென்னா மிச்சம் புடிச்சாலும் 400 தடவை கடைக்குப் போவணும். கட்டாது. உன் போன்லயே பாத்துக்கலாம்."

அப்புறம் என்ன நினைத்தாரோ, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "ஆயா பால் நிறுக்கக் கொண்டு போகும்ல, கிராணி முள்ளு எங்க நின்னாலும் கீழ்ப்பக்கமாத்தான் எழுதுவான்" என்றார். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. ஆயா, எங்கள் பாட்டி, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கதை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறோம். இந்தத் துண்டு இதுவரை வந்ததில்லை. "ஒரு நாள்கூட மேல எழுதினதில்ல." அவ்வளவுதான். சிக்னலில் பச்சை விழுந்ததும் ஏர்கோனை ஒன்றில் வை என்றார்.

வீட்டில் அம்மா பையைப் பிரித்து மிளகாயைப் பார்த்துவிட்டு, "பரவால்லையே, காம்பு கிள்ளி வாங்கியாந்திருக்கீங்க, ஐஸ் பெட்டியில நாள்பட இருக்கும். அது ஏன் பாதி மட்டும்?" என்றது. யாரும் பதில் சொல்லவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா மைலோ டின்னோடு வந்து உட்கார்ந்தார். நான் போனில் கட்டிய காசைத் திருப்பித் தருகிறாராம். வேண்டாம்ப்பா என்றால் கேட்கிற ஆளா? 43 வெள்ளி, அப்புறம் ஐம்பது சென், பத்து, அஞ்சு. 43.65. முடிந்தது என்று நான் எழுந்தேன். டின்னுக்குள் இன்னும் துழாவினார். அடியிலிருந்து செப்புக் கலரில் மூன்று காசு, ரெபானா கொட்டு போட்ட பழைய ஒரு சென். பதினைந்து வருஷத்துக்கு மேலாயிற்று நான் அதைத் தொட்டு.

"அட, 65 போதும்ப்பா. யாராச்சும் ஒரு சென்னெல்லாம் எண்ணுவாங்களா?"

"ரவுண்டிங்கெல்லாம் கடைக்காரனுக்கு. பெத்த பிள்ளைகிட்ட என்னா ரவுண்டிங்" என்று மூன்றையும் என் உள்ளங்கையில் வைத்தார்.

வாங்கிய வேகத்தில் ஒன்றை நழுவவிட்டேன். உருண்டு நேராக ஐஸ் பெட்டிக்கு அடியில் போய்விட்டது. அப்பா விளக்குமாற்றுக் குச்சியோடு தரையில் படுத்துவிட்டார். நானும் படுத்தேன். போன் டார்ச்சைப் போட்டதும் கை நீட்டி மூடினார்.

"அத அணைம்மா. சார்ஜு போவுது."