ஏற்றம் இறக்கம்: விசாகப்பட்டினம் ஓட்ட நாட்குறிப்பு

டிசம்பர் 21, ஞாயிறு

இன்றைக்குப் பரங்கிமலை. விசாகப்பட்டினம் ஹாஃப் மாரத்தானுக்கு இன்னும் ஐந்தே வாரம், எங்கள் குரூப்பில் 14 பேர் பெயர் கொடுத்திருக்கிறோம், அதில் பாதிப் பேர் மேட்டில் ஓடினதே கிடையாது. சென்னையில் எங்கே போய் ஏறுவது? நேப்பியர் பாலம், அடையாறு பாலம், ஏதாவது ஒரு மேம்பாலம், நமக்குத் தெரிந்த மேடெல்லாம் அவ்வளவுதான். பரங்கிமலையும் 300 அடிதான், ஆனால் ரோட்டு வழியாக நாலு தடவை ஏறி இறங்கினால் அது மலைதான் என்று கால் சொல்லிவிடுகிறது.

ஏறும்போது வாட்ச்சைப் பார்க்கவே கூடாது என்றார் கோச் சார். அடியைச் சின்னதாக்கு, பார்வை பத்தடி முன்னால், பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு வாக்கியமாவது பேச முடிகிற அளவுக்கு மூச்சு இருக்கணும். பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம், குறை. மேலே சர்ச் வாசலில் நின்றபோது மீனம்பாக்கம் ரன்வே முழுசாகத் தெரிந்தது. டீச்சர் அக்காவுக்கு 57 வயது, போன வருஷம்தான் ஓட ஆரம்பித்தார், நாலு சுற்றும் நிற்காமல் முடித்தார். இறங்கும்போது நான்தான் முதலில் வந்தேன், அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

டிசம்பர் 23, செவ்வாய்

தொடை இரண்டும் கல்லு மாதிரி. நேற்றைவிட இன்றைக்குத்தான் அதிக வலி. ஏறினதால் வந்தது என்று நினைத்தேன், கோச் சார் இல்லை என்கிறார். இறங்கும்போது உடம்பு முன்னால் விழாமல் தொடைத் தசைதான் பிரேக் மாதிரி பிடிக்கிறது. சுருங்கப் பார்க்கிற அதே நேரத்தில் தசை இழுபடுவதால் உள்ளே நுண்ணிய கிழிசல் விழுகிறது, அதன் வலி ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். நல்ல விஷயம் என்னவென்றால் ஒரு தடவை இப்படி வலித்துத் தேறிவிட்டால் அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் அவ்வளவாகப் பாதிக்காது. அதனால்தான் இப்போதே மலைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

ஜனவரி 4, ஞாயிறு

18 கிலோமீட்டர். திருவான்மியூரிலிருந்து ஈசிஆரில் ஈஞ்சம்பாக்கம் தாண்டிப் போய்த் திரும்பினோம். மார்கழி விடியற்காலை ஓட்டத்துக்கு ஈடே கிடையாது, கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை, வாசலில் ஈரக் கோலம், கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கிப் போனோம். காற்றில் ஈரம் அதிகம், பத்தாவது கிலோமீட்டரிலேயே பனியனைப் பிழியலாம். பேங்க் அண்ணா எல்லாருக்கும் சேர்த்து எலக்ட்ரால் கரைத்து எடுத்துவந்திருந்தார்.

ஜனவரி 14, புதன்

போகி. ஐந்து மணிக்கு ஜன்னலைத் திறந்தேன், எதிர் அபார்ட்மென்ட் தெரியவில்லை, ஒரே புகை. இன்றைக்கு யாரும் ஓட வேண்டாம் என்று குரூப்பில் சொல்லிவிட்டோம்.

ஜனவரி 23, வெள்ளி

சென்ட்ரலில் வண்டி ஏறியாச்சு. திங்கள் குடியரசு தினம் என்பதால் டிக்கெட் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது, 14 பேரும் மூன்று கோச்சில் பிரிந்து உட்கார்ந்திருக்கிறோம். ராத்திரிச் சாப்பாடு மட்டும் ஒரே இடத்தில்: எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு, தயிர் சாதம். டீச்சர் அக்கா ஷூவைப் பெட்டியில் வைக்காமல் ஒரு துணிப்பையில் போட்டுத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டார். பெட்டி தொலைந்தாலும் ஷூ தொலையக் கூடாதாம். சரியான யோசனை, புது ஷூவில் 21 கிலோமீட்டர் ஓட முடியாது.

ஜனவரி 24, சனி

அனகாபல்லி தாண்டினதும் ஜன்னல் ஓரம் மலை வர ஆரம்பித்தது. நம் வண்டி விசாகப்பட்டினத்தோடு நிற்கவில்லை, ஹவுரா போகிறது, அதற்கு இங்கே இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டி வந்த திசையிலேயே திரும்ப வேண்டும். பிளாட்பாரத்தில் நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தோம்.

சாயங்காலம் ஆட்டோ பிடித்து ஓடுகிற பாதை முழுவதையும் ஒரு தடவை பார்த்தோம். ஆர்.கே. பீச்சில் மணல் மேலே ஒரு நிஜ நீர்மூழ்கிக் கப்பல், குர்சுரா, 91 மீட்டர் நீளம். 1969-இலிருந்து 2001 வரை கடற்படையில் இருந்தது, இப்போது மியூசியம். அங்கிருந்து வடக்கே லாசன்ஸ் பே வரைக்கும் நம் மெரினா மாதிரிதான். டென்னெட்டி பார்க் வந்ததும் எல்லாம் மாறிவிடுகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலை இங்கே கடல் வரைக்கும் வந்துவிடுகிறது, இடது பக்கம் கைலாசகிரி, வலது பக்கம் கீழே பாறையில் அலை, நடுவில் ரோடு ஏறி இறங்குகிறது. ருஷிகொண்டா பக்கம் இன்னொரு மேடு. ஆட்டோவே கியர் மாற்றிக் குரல் மாறுகிறது. போகும்போது இறங்கினதெல்லாம் வரும்போது ஏறணும் என்று பேங்க் அண்ணா மெதுவாகச் சொன்னார், அதற்கப்புறம் ஆட்டோவில் யாரும் பேசவில்லை.

ராத்திரி காரத்தைத் தொடவில்லை. பருப்பு, நெய், சாதம், தயிர். ஆந்திரா வந்துவிட்டு கோங்கூராவை வேண்டாம் என்று சொல்ல மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

ஜனவரி 25, ஞாயிறு

ராத்திரி பத்து மணிக்கு எழுதுகிறேன்.

இருட்டிலேயே கிளம்பினோம். நல்ல குளிர்ந்த காற்று, சென்னையில் கிடைக்காத காற்று. டீச்சர் அக்காவுக்கு நம்பர் அட்டையை ஊக்கு போட்டுக் குத்திவிட்டேன், அவர் விரல் நடுங்கிக்கொண்டிருந்தது, ஆனால் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கிலோமீட்டருக்கு ஆறே கால் நிமிஷம் என்று எனக்குத் திட்டம். டென்னெட்டி பார்க் ஏற்றத்தில் கோச் சார் சொன்னபடியே செய்தேன், சின்ன அடி, வாட்ச்சைப் பார்க்கவில்லை. உச்சிக்கு வரும்போது கடலுக்கு மேலே சூரியன் பாதி வந்துவிட்டது. அந்த ஒரு நிமிஷத்துக்காகவே இவ்வளவு தூரம் வரலாம்.

அப்புறம் இறக்கம். கால் தானாகப் போயிற்று, நானும் விட்டுவிட்டேன். வாட்ச் கிலோமீட்டருக்கு 5:10 நிமிஷம் என்று காட்டியது, மூச்சும் வாங்கவில்லை, இலவசமாகக் கிடைத்த நேரம் என்று நினைத்தேன். அடுத்த இறக்கத்திலும் அதே. மூச்சு வாங்கவில்லை என்றால் தொடை வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை, இது பரங்கிமலையிலேயே எனக்குச் சொல்லப்பட்டது, இந்தக் குறிப்பிலேயே நான்தான் எழுதியிருக்கிறேன்.

திரும்பி வரும்போது டென்னெட்டி மேட்டை எப்படியோ ஏறிவிட்டேன். 17-ஆவது கிலோமீட்டர் இறக்கத்தில் வலது தொடை பிடித்துக்கொண்டது, முழங்காலுக்கு மேலே தசை ஒரு உருண்டையாகத் திரண்டு நின்றது கண்ணுக்கே தெரிந்தது. ரோட்டோரத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, நிறையப் பேர் தாண்டிப் போனார்கள். அப்புறம் டீச்சர் அக்கா வந்தார். அவர் இறங்குகிற விதத்தைக் கீழேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்: ஏறும்போது வைத்த அதே சின்ன அடி, குதிகால் ஊன்றாமல், முழங்கால் லேசாக மடங்கி, கை இரண்டும் கொஞ்சம் விரிந்து, சத்தமே இல்லாமல்.

நின்றுவிட்டார். "நீங்க போங்க அக்கா, டைம் போயிடும்" என்றேன். "டைம் எங்கேப்பா போகுது, வா" என்று தன் பாட்டிலில் மிச்சமிருந்த எலக்ட்ராலைக் கொடுத்தார். உருண்டை இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்தார், விட்டது. அவர் முகம் முழுக்க உப்பு, புருவத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தது. ரெண்டு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை என்று அவர்தான் கணக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். குர்சுராவின் கறுப்பு முதுகு தெரிந்ததும் நடையை நிறுத்திவிட்டோம். 2 மணி 51 நிமிஷம். அவருக்கு இது முதல் ஹாஃப்.

நான் நின்ற இடத்தில் நிற்காமல் போயிருந்தால் 2:45-க்குள் முடித்திருப்பார். அதைச் சொன்னேன், காதில் வாங்கவே இல்லை, இட்லி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

ஜனவரி 27, செவ்வாய்

காலையில் வண்டியிலிருந்து இறங்கி நேராக ஆபீஸ். மாடிப்படி ஏற முடிகிறது, இறங்க முடியவில்லை, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் இறங்குகிறேன். டீச்சர் அக்காவுக்கு போன் செய்தேன். மூன்றாவது மாடியில்தான் அவருடைய வகுப்பு, மூன்று தடவை ஏறி இறங்கியாச்சாம், லேசான வலிதானாம்.

ஞாயிறு பெசன்ட் நகரில் ஐந்து கிலோமீட்டர் மெதுவோட்டம். அடுத்த வாரம் பரங்கிமலை, இறக்கம் மட்டும் பழக. நான் அவருக்குப் பின்னால் ஓடப் போகிறேன்.