வாட்டர்கலரா, டேப்லெட்டா: யானைமலை நாட்குறிப்பு

அக்டோபர் 5, ஞாயிறு

ஆயுத பூஜை விடுமுறைக்கு வந்த அக்கா மகள் தன் பழைய பேனா டேப்லெட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். "மாமா, காகிதத்துக்குக் காசைக் கொட்டாதீங்க, கிரிட்டான்னு படம் வரையுற சாஃப்ட்வேர் இலவசம்தான், இறக்கிப் பழகுங்க" என்று உத்தரவு வேறு. அனிமேஷன் படிக்கிற பிள்ளை சொன்னால் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் வாட்டர்கலர் வகுப்பில் சேர்ந்து இப்போதுதான் கை கொஞ்சம் வசப்படுகிறது, அதை விடவும் மனமில்லை. சரி, ஒரே படத்தை இரண்டிலும் போட்டுப் பார்த்துவிடுவோம். படம் யானைமலை, படுத்த யானை மாதிரி இருக்கும் பாறை மலை, மேலூர் சாலையில் ஒத்தக்கடைக்குப் போகும்போது தெரிகிற பக்கம். மதுரைக்காரனுக்கு இதைவிட நல்ல மாடல் கிடைக்காது. அசையாமல் படுத்திருக்கும், கூலியும் கேட்காது.

அக்டோபர் 8, புதன்

இந்த டேப்லெட்டில் திரை கிடையாது. கை மேசையில் ஓடும், கண் மானிட்டரில் இருக்கும், இரண்டும் ஒத்துப்போகவே சில நாள் பிடிக்கும் போலிருக்கிறது. நீளமாக ஒரு கோடு இழுத்தால் நடுங்குகிறது. கிரிட்டாவில் ஸ்டெபிலைசர் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் கோடு வழவழவென்று வருகிறது, ஆனால் பேனாவுக்குப் பின்னால் சோம்பேறித்தனமாக வருகிறது. தும்பிக்கைப் பக்கச் சரிவை மட்டும் மாலை முழுக்க அழித்து அழித்துப் போட்டேன். போட்டதைத் திரும்ப எடுக்கும் கன்ட்ரோல் இஸட் இருக்கிற வரைக்கும் எந்தக் கோடும் போதும் என்று தோன்றுவதில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று காகிதம். வாட்டர்கலர் பழகுகிற பலரும் நல்ல பிரஷ், நிறைய டியூப் என்று வாங்கிக் குவித்துவிட்டுத் தாளில் மிச்சம் பிடிக்கிறார்கள். எனக்குத் தெரிந்து அது தலைகீழ். இரண்டும் 300 ஜிஎஸ்எம்தான் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) என்றாலும் மரக்கூழ்த் தாளும் முழுக்கப் பருத்தியில் செய்த தாளும் வேறு வேறு சாதி. மரக்கூழ்த் தாளில் தண்ணீர் மேலேயே நின்று திட்டுத்திட்டாகக் காயும், இரண்டாவது பூச்சுப் பூசினால் முதல் பூச்சு கிளம்பி வந்துவிடும். பருத்தித் தாள் நீரை உள்ளே இழுத்துப் பிடித்து வைத்துக்கொண்டு நமக்கு நேரம் கொடுக்கும். விலை கூடுதல்தான், மறுக்கவில்லை. 22க்கு 30 அங்குல முழுத் தாளாக வாங்கி எட்டாகக் கிழித்தால் 11க்கு 7.5 அளவில் எட்டுத் துண்டு, பழக அது தாராளம்.

வானத்துக்கு ஒரு வாஷ், அதாவது நீர்த்த வண்ணத்தில் பரந்த பூச்சு. பலகையைக் கொஞ்சம் சாய்த்து வைத்து, பிரஷ் நிறைய வண்ணம் எடுத்து, மேலே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே இழுப்பு. அதன் கீழ் ஓரத்தில் வண்ண நீர் மணியாகத் திரண்டு நிற்கும். அடுத்த இழுப்பு அந்த மணியைத் தொட்டுக் கீழே கூட்டிக்கொண்டு போகவேண்டும், போகிற வழியில் மணி காய்ந்தால் அங்கே கோடு விழும். கடைசியில் அடியில் தேங்கியதைப் பிழிந்த பிரஷ்ஷால் உறிஞ்சிவிட வேண்டும், விட்டால் அது காயத் தொடங்கிய இடத்துக்குள் திரும்ப ஏறி, ஓரம் சுருள் சுருளாக ஒரு காலிஃப்ளவரை மலர வைத்துவிடும். இத்தனையும் இரண்டு நிமிஷத்துக்குள். இதே வானம் கிரிட்டாவில் கிரேடியன்ட் கருவியால் ஒரு இழுப்பு வேலை, சுவாரசியமும் அந்த அளவுக்குத்தான்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி, வெளியே மழை, வீடெல்லாம் பலகார வாசனை. காற்றில் ஈரம் ஏறிவிட்டதால் ஒரு பூச்சுக் காய்வதற்குள் ஒரு காபி குடித்து, பேப்பரும் படித்து முடித்துவிடலாம். மே மாதத்தில் இதே மதுரையில் பிரஷ்ஷை எடுப்பதற்குள் காய்ந்துபோகும்.

ஆனால் பாறைக்கு இந்த ஈரம் நல்லது. அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கலந்தால் அருமையான சாம்பல் வரும். நீர் அதிகமாக விட்டு மலையின் வயிற்றுப் பகுதியில் பூசிவிட்டுக் கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். நீலத் துகள் தாளின் குழிகளில் போய் உட்கார, செம்பழுப்பு மேடுகளில் தங்க, சாம்பல் மெல்லப் பிரிந்து பாறைச் சொரசொரப்பு தானாக வந்தது. அல்ட்ராமரின் கனமான துகள், அதனால் இப்படி. தாலோ நீலம் இதைச் செய்யாது, நுண்ணிய துகள், தாளில் கறையாக ஏறிவிடும். டியூப் வாங்கும்போது பெயரைப் பார்க்காமல் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியைப் பார்க்கவேண்டும்: அல்ட்ராமரின் என்றால் பிபி 29. அந்தக் காலத்தில் வெள்ளை வேட்டிக்குப் போட்ட நீலப் பொடியும் இதே சரக்குதான் என்று அம்மாவிடம் சொன்னேன், "அதை வச்சே போட்டிருக்கலாமே, எதுக்கு டியூப்?" என்றார்.

அக்டோபர் 22, புதன்

சின்னச் சோதனை. கிரிட்டாவின் சாதாரண பிரஷ்ஷில் மஞ்சள் மேல் பாதி அழுத்தத்தில் நீலத்தைத் தேய்த்தால் பச்சை வரவில்லை, அழுக்குச் சாம்பல் வருகிறது. திரையில் கலப்பது ஒளிக்கான எண்கள், நிறமி கிடையாது. லேயரை (படத்தின் மேல் வைக்கும் தனி அடுக்கு) மல்டிப்ளை என்ற, அடி நிறத்தோடு சேர்ந்து அடர்த்தியாகும் முறைக்கு மாற்றினால் ஓரளவு தேறுகிறது. வண்ணக் கலவையைக் கற்றுக்கொள்ளத் தட்டும் தண்ணீரும்தான் சரி, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

டேப்லெட்டின் பக்கமும் பேசவேண்டும். யானைமலையை மூன்று சாம்பல் நிறத்தில் மட்டும் போட்டேன், வானம் வெளிர், மலை நடு, முன்னால் இருக்கும் மரங்கள் அடர்த்தி. லேயர்களை மாற்றி மாற்றிப் பார்க்கலாம், மரத்தைத் தூக்கி இடது பக்கம் வைக்கலாம், ஒரு தாளும் வீணாகாது. எம் விசையைத் தட்டினால் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறுகிறது, யானையின் முதுகு எங்கே கோணலாக இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடுகிறது. வகுப்பில் ஆசிரியர் டோன், டோன் (வெளிர், அடர்த்தி அளவு) என்று தலையில் அடித்துக்கொள்வது இதில்தான் எனக்கு விளங்கியது. பள்ளிக்கூடத்தில் இரண்டு மலை, நடுவில் சூரியன், குடிசை, தென்னை என்று போட்ட காலத்தில் இதையெல்லாம் யார் சொன்னார்கள்.

அதே திட்டத்தை வைத்துக்கொண்டு மத்தியானம் வாட்டர்கலர் போட்டேன். அடிவாரத்து வெள்ளை வீடுகளின் இடத்தை முதலிலேயே விட்டு வைக்கவேண்டும், ஏனென்றால் இங்கே வெள்ளை என்பது தாள்தான். டேப்லெட்டில் அந்த வீடுகளைக் கடைசியாக ஒப்புக்கு வைத்தேன். ஈரத்தில் பார்த்ததைவிடக் காய்ந்ததும் வெளிறிவிடும் என்பதால் மரங்களைத் தைரியமாக அடர்த்தியாகவே போட்டேன், நன்றாக நின்றிருக்கிறது.

நவம்பர் 2, ஞாயிறு

இரண்டையும் அக்கா மகளுக்கு அனுப்பினேன். வாட்டர்கலரை ஸ்கேன் செய்ததில் வானத்தின் மெல்லிய பூச்சு பாதி காணாமல் போய்விட்டது, டேப்லெட் படத்தை அச்செடுத்தால் திரையில் பளீரென்று இருந்த நீலம் மங்கிப்போனது. ஆளுக்கொரு குறை. "அப்ப எதை விடப் போறீங்க மாமா?" என்றாள். எதையும் விடுவதாக இல்லை, யோசிப்பதற்கு டேப்லெட், வண்ணத்துக்குத் தாள் என்றேன், "ரெண்டு செலவு" என்று சிரித்தாள்.

அடுத்தது வண்டியூர் தெப்பக்குளத்து மைய மண்டபம். தூண்களும் படிகளும் நிறைய, பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரம் போகப் போகச் சுருங்கும் கோடுகளின் கணக்கு, பிசகினால் மண்டபமே சாய்ந்துவிடும். கிரிட்டாவில் அதற்கென்றே துணைக்கோடுகள் போட்டுத் தரும் கருவி இருக்கிறது. அதில் கோட்டுப்படம் வரைந்து அச்செடுத்து, சன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே பருத்தித் தாளை வைத்துப் பென்சிலால் எடுத்துக்கொள்ளலாம். காலை வெயில் நேராக அடிக்கும்போது 300 ஜிஎஸ்எம் தாளிலும் கோடு சுமாராகத் தெரிகிறது, பார்த்துவிட்டேன்.