ஐந்து மதிப்பெண்ணுக்குள் ஒளிந்திருக்கும் ஓட்ஸ்

ஓட்ஸ் சேர்த்துக் காய்ச்சிய கரிய பியரான ஓட்மீல் ஸ்டௌட்டை மதிப்பிட உட்காருபவருக்கு மதிப்பெண் தாளே ஒரு சிக்கலை வைக்கிறது. பியர் நடுவர்களுக்கான பிஜேசிபி அமைப்பின் தாளில் மொத்தம் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் பதத்துக்கு 5, ஒட்டுமொத்தமாக 10. இந்த வகையை மற்ற ஸ்டௌட்டுகளிலிருந்து பிரித்துக் காட்டுவது ஓட்ஸ் தரும் வழவழப்பு. அதற்கு இருப்பதோ அந்த 5தான். ஆனாலும் நடுவரின் கவனத்தில் பெரும்பகுதி அங்கேதான் போகவேண்டும். வழவழப்பு ஓட்ஸிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதே காரணம்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் சுவைக்கக்கூடாது. 4 டிகிரியில் வறுத்த பார்லியின் மணமும் தெரியாது, குறைகளும் தெரியாது. 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் சரியாக இருக்கும். வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, முதலில் முகர்ந்துவிட வேண்டும். சில வாசனைகள் ஓரிரு நிமிடங்களில் பறந்துவிடும். தோற்றத்தை அதன்பின் பார்க்கலாம்: பழுப்பு முதல் கறுப்பு வரை எதுவும் சரி, நுரை தடித்து மங்கிய பழுப்பில் நிற்க வேண்டும். நுரை உடனே அமர்ந்துவிட்டால் ஓட்ஸின் கொழுப்பைக் குறை சொல்லுமுன் வேறொரு கோப்பையை நன்றாக அலசி ஊற்றிப் பாருங்கள். கோப்பையில் ஒட்டிய சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் பல நல்ல பியர்களின் மதிப்பெண்ணைத் தின்றிருக்கின்றன.

இனி வழவழப்பு. தானியக் கலவையில் 5 முதல் 20 சதவீதம் வரை ஓட்ஸ் சேர்ப்பது வழக்கம். அதிலுள்ள பீட்டா குளூக்கன் என்ற நார்ச்சத்து நாக்கில் மெல்லிய படலமாகப் படியும். தனக்கென்று வாசனை எதுவும் அதற்கு இல்லை. நொதித்தலில் உண்டாகும் டையசெட்டைல் என்ற பொருளும் நாக்கை வழுக்கச் செய்யும், ஆனால் வெண்ணெய் வாசனையோடு வரும். கோப்பையின் வாயை மூடி, உள்ளங்கைச் சூட்டில் சில நிமிடம் வைத்து மறுபடி முகர்ந்தால் வெண்ணெய் மேலெழும். மூன்றாவது, நொதிக்காமல் மிஞ்சிய சர்க்கரை. நொதித்தல் முடிந்தபின் பியரின் அடர்த்தி, அதாவது முடிவு கிராவிட்டி, 1.018ஐத் தாண்டினால் உதடு பிசுபிசுக்கும், நாலாவது மிடறு திகட்டும். நாலாவது பெடியோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் தொற்று. வெண்ணெயோடு புளிப்பும் சேர்ந்தால் சந்தேகப்பட வேண்டும். முற்றிவிட்டால் ஊற்றும்போதே நூல்போல இழுபடும். ஓட்ஸ் அல்லாத இந்த மூன்றில் எதையாவது ஓட்ஸ் என்று நம்பி முழு 5ஐயும் கொடுத்துவிடுவதுதான் புதிய நடுவர்களிடம் அதிகம் காணும் தவறு.

வெண்ணெய் வாசனை இல்லாமல் வழவழப்பும் இல்லாமல் தட்டையாக இருந்தால் மாஷில், அதாவது அரைத்த தானியத்தை வெந்நீரில் ஊறவைக்கும் கலவையில், காரணம் தேடலாம். ஓட்ஸ் அதிகமானால் மாஷ் பசையாகி வடிகட்டும் தட்டை அடைத்துவிடும். அதற்குப் பயந்து 40–45 டிகிரியில் நெடுநேரம் நிறுத்தினால், அடைப்புக்குக் காரணமான பீட்டா குளூக்கனே சிதைந்து போகும். எதற்காக ஓட்ஸ் போட்டோமோ அதுவே போய்விட்டது. நெல் உமியைக் கலந்து வடிகட்டுவது இதைவிட நல்ல வழி. ஆவியில் வெந்து தட்டையாக்கிய ஓட்ஸை நேரடியாக மாஷில் சேர்க்கலாம். வெட்டிய முழு ஓட்ஸைத் தனியே வேகவைத்தே சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் மாவுச்சத்து கரையாது. பழைய ஓட்ஸ் என்றால் சிக்கு வாடை அடிக்கும். நல்ல ஓட்ஸின் வாசனை லேசாக வறுத்த கொட்டைப் பருப்பை நினைவூட்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது.

வறுத்த சுவையில் பால் சேர்த்த காபியின் மென்மை வேண்டும். அடிப்பிடித்த பாத்திரத்தின் காந்தல் கூடாது. கூர்மையான புளிப்பு தெரிந்தால் முதலில் கோப்பையைச் சுழற்றி வாயுவை வெளியேற்றிவிட்டு மறுபடி சுவைக்க வேண்டும். வாயுவின் குத்தல் புளிப்பைப்போல ஏமாற்றும். அதற்குப் பிறகும் இருந்தால், மென்னீரில் கறுத்த தானியம் மாஷின் பிஎச் (அமிலத்தன்மை) அளவை அளவுக்கு மீறி இறக்கியிருக்கலாம். 5.4 முதல் 5.6 வரை இருந்தால் ஸ்டௌட்டின் சுவை கூர்மையின்றி மென்மையாக நிற்கும். தொண்டைவரை இழுக்கும் துவர்ப்பு வேறு கதை: மிகச் சூடான நீரை அளவுக்கு மேல் ஊற்றி உமியைக் கழுவியதன் விளைவு அது. கசப்பையும் துவர்ப்பையும் விழுங்கிய பிறகே தீர்மானிக்க முடியும், துப்பிவிட்டால் பாதி தகவல் போய்விடும்.

தாளில் "வழவழப்பு போதாது" என்று மட்டும் எழுதினால் காய்ச்சியவருக்கு எதுவும் விளங்காது. "பதம் மெலிவு, வெண்ணெய் வாசனை இல்லை, சர்க்கரை மிச்சமில்லை, ஓட்ஸைக் கூட்டிப் பாருங்கள், 45 டிகிரி நிறுத்தத்தைக் குறைத்துப் பாருங்கள்" என்று எழுதினால் அடுத்த முறை காய்ச்சும்போது எதை மாற்றுவதென்று அவருக்குத் தெரியும்.