பிள்ளையோடு பெரம்பூர் மாதா கோவிலுக்கு

நேர்ச்சை, அதாவது வேண்டுதல், பிள்ளைக்காக என்றால் சென்னை பெரம்பூர் லூர்து மாதா கோவிலுக்குச் சாதாரண நாளில் போங்கள். பிப்ரவரி 11 தேர்த் திருவிழாவைப் பார்க்க வேண்டியதுதான், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் அந்த நெரிசலில் பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டி முன்னால் நிற்கும் பிள்ளைக்கு எதுவும் ஞாபகம் வராது. வாசலில் மெழுகுவத்தியைக் கையில் திணித்துவிட்டு அப்புறம் விலை சொல்கிறவர்களிடம் மல்லுக்கட்டியே உங்கள் பாதி பக்தி போய்விடும். பெரம்பூர் ஸ்டேஷனில் இறங்கி நிதானமாக வந்து சேருங்கள்.

என்னென்ன பாவம் செய்தோம் என்று யோசித்துப் பார்க்கிற ஆத்தும சோதனையை முந்தின நாள் ராத்திரியே வீட்டில் முடித்துவிட வேண்டும். வரிசையில் நின்றுகொண்டு, "தம்பிய அடிச்சத சொல்லு, பொய் சொன்னத சொல்லு" என்று காதில் ஓதுகிற அம்மாக்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் அது பிள்ளையின் பாவசங்கீர்த்தனம் இல்லை, அம்மாவின் புகார்.

பத்து, பன்னிரண்டு வயதில் வருகிற பெரிய பயம் ஒன்று உண்டு. "கெட்ட கெட்ட நெனப்பா வருதும்மா, நான் பாவியா?" இந்தக் கேள்விக்குப் பதறக் கூடாது, அதட்டவும் கூடாது. "வர்றது பாவம் இல்ல கண்ணு. அதுக்கு நாற்காலி போட்டு உக்கார வெச்சாத்தான் பாவம்" என்று சொன்னால் போதும், பிள்ளைக்குப் புரிந்துவிடும். நினைப்பு வருவது சோதனை. தெரிந்தே, மனசார அதற்குச் சம்மதிப்பதுதான் பாவம். ஆண்டவரே நாற்பது நாள் பாலைவனத்தில் சோதிக்கப்பட்டவர். விரும்புகிற நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையைச் செய்கிறேனே என்று உரோமையர் 7-ஆம் அதிகாரத்தில் பவுலடியாரே புலம்புகிறார். அந்த இடத்தைப் பிள்ளையையே வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தனக்கு மட்டும்தான் இப்படி என்கிற கூச்சம் அங்கே கொஞ்சம் விடும்.

தொட்டியில் கடைசியாக எப்போது பாவசங்கீர்த்தனம் செய்தோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். பிறகு என்ன பாவம், எத்தனை தடவை என்பது. கதை வேண்டாம், அடுத்தவர் பாவமும் வேண்டாம். பிள்ளை வெளியே வந்ததும் "சாமியார் என்ன கேட்டாரு, நீ என்ன சொன்ன?" என்று தோண்டாதீர்கள். சாமியாரே வெளியில் சொல்லக் கூடாத இரகசியம் அது. நீங்கள் தோண்டினால் அடுத்த முறை பிள்ளை உள்ளே போய் மறைக்கத் தொடங்கும். பாவப் பரிகாரமாகச் சாமியார் கொடுத்த அபராதத்தை அங்கேயே ஜெபித்து முடிக்க மட்டும் நினைவூட்டுங்கள்.

அதன் பிறகு கெபி, மாதா நிற்கும் குகை. இங்கே அவசரமே படாதீர்கள். வெள்ளை உடையும் நீலக் கச்சையுமாக நிற்கும் தாயைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கட்டும். 1858 பிப்ரவரி 25-ஆம் தேதி பிரான்ஸ் நாட்டு லூர்து ஊரில் நடந்ததை அங்கே வைத்துத்தான் சொல்ல வேண்டும். மாதா காட்சி கொடுத்த சிறுமி பெர்னதெத்துக்குப் பதினாலு வயது, ஆஸ்துமா வேறு. ஊற்றில் போய்க் குடி என்றார் மாதா. ஊற்றே இல்லை! கையால் மண்ணைப் பறித்தாள். வந்தது சேறு. மூன்று தடவை அள்ளிக் கொட்டிவிட்டு நாலாவது தடவை குடித்தாள். சேறு அப்பிய முகத்தைப் பார்த்து ஊரே பைத்தியம் என்றது. தெளிந்த தண்ணீர் அப்புறம்தான் வந்தது. இவ்வுலகில் அல்ல, மறுவுலகில்தான் உன்னை மகிழ்விப்பேன் என்று அந்தப் பிள்ளையிடம் மாதா முன்பே சொல்லியிருந்தார். மாதாவைப் பார்த்தவளுக்கே போராட்டம் ஓயவில்லை. முப்பத்தைந்து வயதில் நோயோடுதான் இறந்தாள். இதைக் கேட்டுவிட்டுப் பிள்ளை அழுதால் அழட்டும். கைக்குட்டையை நீட்டிக்கொண்டு குறுக்கே போகாதீர்கள்.

மன்னிக்கப்பட்ட பாவத்தையே வாராவாரம் திரும்பச் சொல்கிற பிள்ளையைச் சாமியார் மாற்றிச் சாமியாரிடம் கொண்டுபோகக் கூடாது. ஒரே சாமியார், அவர் சொல்வதே முடிவு. தூக்கம், சாப்பாடு கெட்டாலோ, சாகணும் என்ற பேச்சு வந்தாலோ ஜெபத்தோடு டாக்டரும் வேண்டும். மனநல உதவி எண் 14416-க்கு உடனே போன் போடுங்கள், காசில்லை. "கீழ்ப்பாக்கம் கேஸு" என்று நக்கலடிக்கிற நம்ம ஊர் வாய்க்குப் பயந்து பிள்ளையை விட்டுவிடாதீர்கள்.

வியாசர்பாடி, கொடுங்கையூர், மாதவரம் என்று எத்தனை வீட்டுப் பிள்ளைகளை இந்தத் தாய் தாங்கியிருக்கிறார்! வேளாங்கண்ணிக்குப் போக வசதியில்லாத எத்தனை அம்மாக்கள் இங்கே வந்து அழுதுவிட்டுப் போயிருக்கிறார்கள்! மாதாவே, எங்கள் பிள்ளைகள் வாய் திறந்து எங்களிடம் பேசுகிற ஒவ்வொரு நாளுக்கும் உமக்குக் கோடி தோத்திரம். மரியே வாழ்க!