கொத்தனாருக்கு 65 புள்ளிகள்

தேவிபட்டினத்திலிருந்து ஏர்வாடி வரை நான் சுவர் எழுப்பிய வீடுகள் நிறைய. அவற்றில் ஒன்றுக்குக்கூட என் பெயரில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. சனிக்கிழமை மாலை மேஸ்திரி எண்ணிக் கொடுக்கும் கூலிக்கு யார் ரசீது எழுதுகிறார்கள்? ஆஸ்திரேலியாவுக்குத் திறன் அடிப்படையிலான விசா கேட்டுப் போனபோது, ஊரில் பார்த்த வேலை முழுவதும் கணக்கில் வராமல் போனது இதனால்தான். துபாயில் பார்த்த வேலைதான் கைகொடுத்தது. அங்கே சம்பளம் மாதாமாதம் வங்கி வழியாக வந்தது. வங்கியில் அது பதிவாகியிருந்தது.

எங்கள் கடற்கரையில் வளைகுடா புதிதல்ல. கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம் என்று எந்த ஊரில் கேட்டாலும் வீட்டுக்கு ஒருவராவது போயிருப்பார். ஆனால் அங்கே எத்தனை ஆண்டு உழைத்தாலும் கொத்தனார் சம்பளத்தில் குடும்பத்தை அழைத்து வைத்துக்கொள்ள முடியாது. சிங்கப்பூரிலும் அதே கதை. கட்டுமான வேலைக்கான வொர்க் பெர்மிட்டில் மனைவி, பிள்ளைகளுக்கு இடமில்லை. பிள்ளைகளை வீடியோ அழைப்பில் வளர்த்தது போதும் என்று தோன்றிய பிறகுதான் நிரந்தரமாகக் குடியேறும் வழிகளைத் தேடினேன்.

முதலில் கனடாவைப் பார்த்தேன். அங்கே கைத்தொழில் தெரிந்தவர்களுக்கென்றே தனித் திட்டம் இருக்கிறது. கடைசி ஐந்து ஆண்டுகளில் இரண்டு ஆண்டு அனுபவம் போதும், ஆங்கிலத்திலும் கெடுபிடி குறைவு. பேசவும் கேட்கவும் ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் 5 எடுத்தால் போதும். ஆனால் ஒரு வருட வேலைக்கான உறுதிக் கடிதமோ, கனடாவிலேயே ஏதாவது ஒரு மாகாணம் தந்த தொழில் சான்றிதழோ வேண்டும். இராமநாதபுரத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டையும் எங்கே போய் வாங்குவது? பிரிட்டன் 2023இல் கொத்தனார்களைப் பற்றாக்குறைத் தொழில் பட்டியலில் சேர்த்தது. அங்கேயும் ஸ்பான்சர் செய்ய ஒரு முதலாளி முன்வந்தால்தான் கதவு திறக்கும். ஆஸ்திரேலியாவில் மட்டும் முதலாளி இல்லாமலும் ஒரு வழி இருந்தது. வயது, தொழில் தகுதி, அனுபவம், ஆங்கிலம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டும் கணக்கு அது.

அதற்கு முன் திறன் மதிப்பீடு. செங்கல் கட்டுபவர் என்ற தொழிலுக்கு அவர்கள் வைத்திருக்கும் எண் 331111. மதிப்பீட்டுக்குப் பொறுப்பு டிரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா என்ற அமைப்பு. அதன் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள்தான் இந்தியாவில் உள்ளவர்களை நேரடியாகச் சோதிக்கின்றன. முறையாகத் தொழில் படித்தவருக்கு மூன்று ஆண்டு அனுபவம், படிக்காதவருக்கு ஐந்து ஆண்டு. நான் ஐ.டி.ஐ.யில் கொத்தனார் பிரிவு படித்தவன். ஒரு வருடப் படிப்பு. கொத்து வேலைக்குப் படிப்பு எதற்கு என்று அப்போது சிரித்தவர்கள் உண்டு.

முதல் கட்டம் ஆவணங்கள். பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். துபாய் நிறுவனம் தந்த அனுபவக் கடிதத்தில் "மேசன்" என்ற பதவியும் தேதிகளும் மட்டும் இருந்தன. அது போதாது. என்ன வேலை செய்தேன், என்ன கருவிகள், எந்த வகைச் சுவர், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கடிதத்தில் விவரமாக இருக்க வேண்டும். அலுவலகத்தில் இருந்த மலையாளி எழுத்தரைத் தொலைபேசியில் பிடித்தேன். "நீங்களே எழுதி அனுப்புங்கள் அண்ணா, மேலாளரிடம் கையெழுத்து வாங்கித் தருகிறேன்" என்றார். சொன்னபடியே செய்தார். அந்தக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு அறிக்கை, தொழிலாளர் ஒப்பந்தம், கடவுச்சீட்டில் இருந்த விசாப் பக்கங்கள் ஆகியவற்றில் பதவியும் தேதியும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

என் மச்சானும் அதே நகரத்தில் என்னைவிட நன்றாகக் கட்டுபவர்தான். ஆனால் அவர் போன விசாவில் துப்புரவுப் பணியாளர் என்று இருக்கிறது. கிடைத்த விசாவில் ஏறிப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். வளைகுடாவில் அதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. மதிப்பீட்டுக்கு வந்தால் அந்த ஆண்டுகளை நிரூபிக்கப் பெரும் பாடுபட வேண்டியிருக்கும். வெளிநாடு கிளம்பும் தம்பிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: சம்பளம் நூறு திர்ஹம் குறைந்தாலும் பரவாயில்லை, விசாவில் கொத்தனார் என்று இருக்கிறதா?

வேலை செய்யும் படங்களும் காணொளியும் கேட்டார்கள். கட்டி முடித்த சுவருக்கு முன் கைகட்டி நிற்கும் படங்கள்தான் என்னிடம் ஏராளமாக இருந்தன. அவை உதவாது. மூலை எழுப்புவது, நூல் பிடிப்பது, தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பது, கலவை போட்டுச் செங்கல்லை அமர்த்துவது என்று முகமும் கையும் சேர்ந்து தெரிய வேண்டும். திருப்புல்லாணிப் பக்கம் நடந்த ஒரு வேலையில் மேஸ்திரியிடம் சொல்லி இரண்டு நாள் எடுத்தோம். சித்தாள் அக்காதான் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டார்; என் பாதித் தலையை வெட்டிய படங்கள் போக மீதி நன்றாகவே இருந்தன.

அடுத்தது தொழில்நுட்ப நேர்காணல், வீடியோ வழியாக, ஆங்கிலத்தில். இங்கும் அங்கும் வேலை எவ்வளவு வேறு என்பது அதற்குத் தயாராகும்போதுதான் புரிந்தது. நம் ஊரில் செங்கல் சுவரை எழுப்பிய பின் மேலே பூச்சு வந்துவிடும். சிறு கோணல்மாணலைப் பூச்சு விழுங்கிவிடும். ஆஸ்திரேலியாவில் பெரும்பாலான வீடுகளின் வெளிச்சுவரில் செங்கல் அப்படியே கண்ணுக்குத் தெரியும். 230க்கு 110க்கு 76 மில்லிமீட்டர் செங்கல், நடுவில் 10 மில்லிமீட்டர் கலவை. ஒவ்வொரு இணைப்பும் ஒரே அளவில் வர வேண்டும். உள்ளே மரச்சட்டம், வெளியே ஒற்றைச் செங்கல் வரி, இரண்டுக்கும் நடுவே காலி இடம், இரண்டையும் பிணைக்க உலோகக் கட்டுகள், உள்ளே இறங்கும் நீர் வெளியேற அடியில் சிறு துளைகள். இதெல்லாம் நான் கையால் செய்யாதவை. துபாயில் செய்தது பெரும்பாலும் ஹாலோ பிளாக்.

நேர்காணலில் உப்பு பூப்பதைப் பற்றிக் கேட்டார்கள். சுவரில் வெள்ளையாகப் படர்வது ஏன், எப்படித் தடுப்பாய்? கீழக்கரைக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது! கிணற்று நீரில் உப்பு, மணலில் உப்பு, காற்றில் உப்பு என்று வளர்ந்தவன் நான். கலவைக்கு நல்ல தண்ணீர், கழுவிய ஆற்று மணல், அடித்தளத்துக்கு மேல் ஈரத்தடுப்பு, அடுக்கி வைத்த செங்கல்லை மழையில் நனையாமல் மூடுவது என்று சொல்லிக்கொண்டே போனேன். கடலோர வீட்டுக்கு எந்தச் செங்கல், எந்தக் கட்டு என்று அடுத்து கேட்டார்கள். உப்பைத் தாங்கும் எக்ஸ்போஷர் கிரேடு செங்கல், துருப்பிடிக்காத எஃகுக் கட்டு என்றேன். படித்து வைத்திருந்த பதில்தான். ஆனால் நம் ஊரில் கம்பி துருவேறிக் கான்கிரீட்டைப் பிளந்த வீடுகளைப் பார்த்தவனுக்கு அதை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

மதிப்பீடு தேறியது. பிறகு புள்ளிகள். குறைந்தது 65 வேண்டும். 45 வயதுக்குள் இருக்க வேண்டும். வயது 25 முதல் 32 வரை என்றால் 30 புள்ளி, 33 முதல் 39 வரை 25. நான் இரண்டாவது வகை. தொழில் தகுதிக்கு 10. துபாய் அனுபவத்தில் முதல் சில ஆண்டுகளைத் திறன் பெறும் காலம் என்று கழித்துவிட்டார்கள். மீதி ஐந்தைத் தாண்டியதால் 10. ஆக 45. ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் நான்கு பிரிவிலும் 6 எடுத்தால் விண்ணப்பிக்கலாம், ஆனால் புள்ளி பூஜ்யம். 7 எடுத்தால்தான் 10. எனக்கு எழுத்துப் பிரிவு 6க்கு மேல் ஏறவே இல்லை.

யாருடைய உதவியும் இல்லாத 189 விசா அதோடு கை நழுவியது. மாநிலம் பரிந்துரைக்கும் 190க்குக் கூடுதலாக 5 புள்ளிதான். பெருநகரங்களுக்கு வெளியே குடியமரச் சம்மதித்தால் கிடைக்கும் 491 விசாவுக்கு 15. அப்படியும் 60. அந்தக் கடைசி ஐந்தை என் மனைவி எடுத்துக் கொடுத்தார். துணைவருக்கும் ஆங்கிலத்தில் அந்த 6 இருந்தால் 5 புள்ளி உண்டு. பள்ளி ஆசிரியை, மதுரையில் போய்த் தேர்வு எழுதி, முதல் முறையே என்னைவிட அதிக மதிப்பெண் எடுத்தார். வீட்டில் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

புள்ளிகளைக் காட்டி, விசாவுக்கு அழைப்பு கேட்டு இணையத்தில் முதலில் பதிவது விருப்ப விண்ணப்பம். அதைப் பதிவதற்குக் கட்டணம் கிடையாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் அதற்கே ஒரு தொகை கேட்ட முகவர் ஒருவரிடம் பணம் கட்டிவிட்டு நிற்பவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். விசாவுக்கு உத்தரவாதம் தருகிறேன் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுவது நல்லது. முகவர் வேண்டும் என்றால், ஆஸ்திரேலிய அரசின் பதிவேட்டில் அவர் பெயரும் எண்ணும் இருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

மாநிலத்தின் பரிந்துரை கிடைத்து அழைப்பு வந்தால் 60 நாட்களுக்குள் விசா விண்ணப்பத்தைப் போட்டாக வேண்டும். கட்டணம் லட்சங்களில் வரும். அழைப்பு வந்தபின் அதைத் தேடி ஓடினால் நகையை அவசரமாக விற்கத்தான் நேரும். கடைசிப் பத்து ஆண்டுகளில் ஓராண்டுக்கு மேல் தங்கிய ஒவ்வொரு நாட்டிலிருந்தும் காவல்துறைச் சான்று வேண்டும். இந்தியச் சான்று மதுரைக் கடவுச்சீட்டு அலுவலகம் வழியாகச் சிரமமில்லாமல் வந்தது. துபாய்ச் சான்றை ஊரில் இருந்தபடி வாங்கக் கொஞ்சம் அலைச்சல். மருத்துவப் பரிசோதனையை அவர்கள் அங்கீகரித்த மருத்துவரிடம்தான் செய்ய முடியும். நாங்கள் சென்னைக்குப் போனோம்.

491 ஐந்து ஆண்டுக்கான விசா. குறிப்பிட்ட வட்டாரத்தில் மூன்று ஆண்டு வாழ்ந்து, வேலை பார்த்து, வரிக் கணக்கும் காட்டினால் 191 என்ற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். மனைவி, பிள்ளைகளுக்கும் அதே விசாதான். மனைவியும் வேலைக்குப் போகலாம்.

விசா வந்த பிறகும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஒயிட் கார்டு என்ற பாதுகாப்பு அட்டை இல்லாமல் அங்கே எந்தக் கட்டடத்திலும் வேலையில் இறங்க முடியாது. ஒரு நாள் வகுப்புதான். இறங்கிய வாரமே போய் உட்கார்ந்தேன். அடையாளச் சான்றை மட்டும் பார்த்தார்கள். அனுபவக் கடிதம் எதுவும் கேட்கவில்லை.